கப்பல் பாதையில் நின்ற எஞ்சின்

போன வருடம் மாசி மாதம், தூத்துக்குடி திரேஸ்புரம் மீன்பிடிக் கரையில் ஒரு காலை நேரம். நானும் தங்கையும் சாயர்புரத்தில் சின்னதாகப் பயோடீசல் பட்டறை வைத்திருக்கிறோம். புரோட்டா கடைகளில் பொரித்துக் கழித்த எண்ணெயை வாங்கி, வடிகட்டி, மெத்தனால் சேர்த்து எரிபொருளாக்குவோம். மெத்தனால்தான் பெரிய செலவு. மிஞ்சுவதை ஆவியாக்கிக் குளிரவைத்துத் திரும்ப எடுக்கப் பழகிய பிறகுதான் டீசலைவிட மலிவாகக் கொடுக்க முடிந்தது. ஆனாலும் எஞ்சின் கெட்டுவிடும் என்று பயந்து படகுக்காரர்கள் யாரும் வாங்கவில்லை.

ஒருவர் மட்டும் தன் பழைய வள்ளத்தில் ஊற்றிப் பார்க்கச் சம்மதித்தார். என்னையும் வரச் சொன்னார். உபரியாக ஒரு கேன் பயோடீசலுடன் ஏறினேன். "ஏளா, வெறும் வயித்தோட கடலுக்குப் போவாத" என்று அவர் மனைவி கையில் இட்லிப் பொட்டலம் கொடுத்தார்.

எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது. துறைமுகத்துக்குக் கப்பல் வரும் பாதையைக் கடக்கையில் திணறி நின்றுவிட்டது. தூரத்தில் ஒரு கப்பல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது.

அவர் பில்டரைத் திறந்தார். உள்ளே கறுப்புச் சகதி.

"என்னத்தம்மா ஊத்துன?"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "அண்ணாச்சி, இது டேங்குல பல வருசமாப் படிஞ்ச கசடு. எங்க எண்ணெய் அதைக் கரைச்சுக் கொண்டாந்திருக்கு. பில்டரைக் கழுவிட்டு, டியூபை நேரா இந்தக் கேனுக்குள்ள விடுங்க."

எஞ்சினை நிறுத்திய அதே எண்ணெயை மறுபடி நம்பச் சொல்கிறேன். அவர் கப்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி. நீயும்தான இங்கன இருக்க."

பில்டரைக் கழுவி மாட்டி, டியூபைக் கேனுக்குள் விட்டு, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றினார். கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தும் எஞ்சின் பிடிக்கவில்லை. கப்பலின் முகப்பு தெளிவாகத் தெரிய ஆரம்பித்தபோது ஒருவழியாகப் பிடித்தது. நாங்கள் விலகிய பின் கப்பல் கடந்து போனது. அதன் அலை வள்ளத்தைத் தூக்கிப் போட்டது.

கரைக்குத் திரும்பினோம். அங்கே நின்றவர்கள் சூழ்ந்துகொண்டு கேட்டபோது, "நம்ம டேங்குலதான் அழுக்கு. எண்ணெய் நல்லாத்தான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையை எடுக்கப் போனார்.

இப்போதெல்லாம் டேங்கைக் கழுவாத படகுக்கு நாங்கள் எரிபொருள் கொடுப்பதில்லை. ஆனால் அன்று என் மனதில் பதிந்தது அதுவல்ல. என்னால் உயிர்ப்பயம் கண்ட மனிதர், கோபத்தில் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் எங்கள் தொழில் அந்தக் கரையிலேயே முடிந்திருக்கும். யார்மேலாவது எனக்குக் கோபம் வரும்போது, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேனா என்று ஒரு நொடி நின்று பார்த்துக்கொள்கிறேன்.