சம்மனசு மணி

அந்த மணியை நான் கை தவறி அடித்துவிட்டதாகவே எங்கள் வீட்டில் எல்லோரும் கடைசிவரை நம்பினார்கள். கை தவறவில்லை. அதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களில் ஒருவரும் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே இங்கே சொல்கிறேன்.

இரத்தோட்டைக்கு மேலே இருந்த எங்கள் சிறிய மாதா கோயிலில் மணியடிப்பது அப்பாவின் பொறுப்பு. ஒரு வருடம் மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்து, வலது கையைத் தூக்க முடியாமல் போயிற்று அவருக்கு. வேறு ஆட்களைப் பழக்கிவிடும்படி பாதர் சொன்னார். வந்து சேர்ந்தவர்கள் அண்ணன், நான், சித்தப்பா. சித்தப்பா என்றால் அம்மாவின் தங்கையைக் கட்டியவர். மாத்தளை டவுனில் ஒரு லொறி கராஜில் வேலை.

பழகும்போது ஊர் பதறிவிடக் கூடாதென்று மணியின் நாக்கில் சாக்கைச் சுற்றிக் கட்டினார் அப்பா. கயிற்றை இழுத்தால் தலையணையை அடித்ததுபோல் 'தொப்'பென்று ஒரு சத்தம். அதிலேயே எங்கள் தரம் பிரிந்துவிட்டது. அண்ணன் பூசை மணிவரை வந்தான். எனக்குப் பத்து வயதிலேயே துக்க மணி கைவந்தது. அதுதான் கஷ்டம். ஓர் அடி அடித்து, கயிற்றை இறுக்கி நிறுத்தி, ஓசை மலையில் போய் அடங்கும்வரை காத்திருந்து அடுத்ததை அடிக்க வேண்டும். ஆணென்றால் மும்மூன்றாக, பெண்ணென்றால் இரண்டிரண்டாக. கைக்குழந்தைக்கு மட்டும் துக்க மணி கிடையாது. ஞானஸ்நானம் பெற்ற குழந்தை நேரே மோட்சம் போய்ச் சம்மனசாக, அதாவது தேவதூதனாக, ஆகிவிடுகிறது என்பதால், திருநாளுக்கு அடிப்பதுபோல் கலகலவென்று அடிப்பார்கள். சம்மனசு மணி என்று அதற்குப் பேர். கயிற்றை விடாமல் இழுத்தால் போதும்.

சித்தப்பாவுக்கு அதுகூட வரவில்லை. அவர் கயிற்றை இழுப்பதைவிடக் கயிறு அவரை இழுத்ததுதான் அதிகம். முதலில் காது பழகட்டும் என்று அப்பா அவரை என்னிடம் ஒப்படைத்தார். நான் சாக்கு மணியை அடிப்பேன். போனது ஆணா பெண்ணா என்று அவர் சொல்ல வேண்டும். எப்போதும் தப்புத்தான்.

"என்னங்க வாத்தியாரே, இன்னைக்கு யார சாகடிச்சீங்க?"

"நீங்கதான் சொல்லணும் சித்தப்பா."

"சத்தத்தப் பாத்தா நம்ம பாதர் மாதிரி இருக்கு."

"ஐயோ, பொம்பளைக்கு அடிச்சேன்!"

"அவரும் பாவாட மாதிரி ஒன்னு போட்டுக்கிட்டுத்தானே திரியிறாரு?"

அப்பா திரும்பி நின்று சிரிப்பார்.

அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் வைத்துச் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை மெலிவாக இருந்ததால் பாதர் வீட்டுக்கே வந்து ஞானஸ்நானம் கொடுத்தார். சித்திக்கோ காய்ச்சல் விடவேயில்லை. சித்தப்பா காலையில் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார். ஒரு பிற்பகல், அவர் டவுனில் இருந்தபோது, பிள்ளை போய்விட்டது.

"ஓடிப் போய் சாக்க அவுத்துட்டு, சம்மனசு மணிய அடிடா," என்றார் அப்பா.

போகும் வழியெல்லாம் எனக்குக் குழப்பம். சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுவதைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அவள் காதில் விழும்படி திருநாள் மணியை எப்படி அடிப்பது? அது ஒன்றும் தெரியாதவன் அடிக்கிற மணி என்ற நினைப்பும் கூடவே இருந்தது. சாக்கில்லாமல் துக்க மணி அடிக்க எனக்கு அதுவரை வாய்த்ததில்லை. பிள்ளை பெண்தானே என்று எனக்கே சொல்லிக்கொண்டு இரண்டிரண்டாக அடித்தேன். ஓர் அடிகூடப் பிசகவில்லை. இரக்கத்தால் அடித்தேனா, பெருமைக்காக அடித்தேனா என்று இந்த வயதிலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பெருமை இருந்தது, அது மட்டும் நிச்சயம்.

அந்த நேரம் பார்த்துக் கீழே பஸ் வந்து நின்றது. இறங்கிய சித்தப்பா மணியைக் கேட்டார். முதல் தடவையாகச் சரியாகக் கண்டுபிடித்தார்: பெண். காய்ச்சலில் கிடந்த பெண் அவருக்குத் தெரிந்து ஒருத்திதான்.

நான் வீடு திரும்பும்போது அவர் என்னைக் கடந்து ஓடினார், ஒரு காலில் செருப்பில்லாமல். வாசலில் நின்றவர்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பின்னாலேயே நானும் போனேன். சித்தி பிள்ளையை மடியில் வைத்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். அவளைக் கண்டதும் சித்தப்பா சிரித்தார். வாய்விட்டு, உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்தார். "இருக்கியாடி! இருக்கியா!" என்று அவள் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இங்க பாருங்க," என்றாள் சித்தி.

அதன் பிறகுதான் அவர் மடியைப் பார்த்தார். சிரிப்பு உடனே நிற்கவில்லை.

அப்பா கேட்டபோது கை தவறிவிட்டது என்றேன். "பழகுற பயதானே," என்று பாதரும் விட்டுவிட்டார். மணியைக் கேட்டு, போனது அவள்தான் என்று நினைத்து ஓடிவந்ததால்தான் சித்தப்பா அப்படிச் சிரித்தார் என்று எல்லோரும் சித்திக்கு எடுத்துச் சொன்னார்கள்.

"மணி எனக்கும்தான் கேட்டுச்சு," என்றாள் அவள். "எனக்கு விளங்குது. ஆனா அந்த மொகத்த என்னால பாக்க முடியல்ல."

பிறகு அவர்களுக்கு வேறு பிள்ளைகள் பிறந்தார்கள். ஆனாலும் சித்தப்பா எதையாவது சொல்லிச் சிரிக்கத் தொடங்கினால் சித்தி எழுந்து குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். வரவர அவர் சிரிப்பதையே விட்டுவிட்டார்.

பிள்ளையின் அடக்கம் முடிந்த மறுநாள் சித்தியிடம் நான் கேட்டேன்: "ஒங்களுக்காகத்தானே சிரிச்சாரு சித்தி?"

அவள் என் தலையைத் தடவிக்கொடுத்தாள். "ஆமாடா, எனக்காகத்தான்," என்றாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு நான் விளையாடப் போனேன்.