ஊசி போட்ட கண்ணும் ஒரு சீட்டாட்டமும்

கைனகரி புத்தன்பறம்பில் இத்தாக்குக்கு மூப்பு வந்து விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுவிட்டது. இடக்கண்ணால் யாரைப் பார்த்தாலும் முகம் இருக்கிற இடத்தில் கறுப்புதான். மிச்சமிருந்த வலக்கண்ணைக் காப்பாற்ற ஆலப்புழை ஆஸ்பத்திரியில் மாதா மாதம் கண்ணுக்குள்ளேயே ஊசி போட்டார்கள்.

முதல் ஊசிக்கு மறுநாள் வெள்ளைவிழி ரத்தமாகச் சிவந்தது. படகு நிறையச் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஓடினார்.

"குத்தின இடத்துல ரத்தம் கசிஞ்சிருக்கு, தானா போயிடும். வலிச்சாலோ பார்வை மங்கினாலோ உடனே வாங்க" என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து தங்கை றாகேலின் புருஷன் குஞ்ஞவராவுக்குக் கொண்டாட்டம். "மச்சான் தும்மினாலும் படகைக் கட்டணும்யா!"

மூன்றாவது ஊசி போட்ட இரண்டாம் நாள் கண் வலித்தது. மத்தியானத்துக்குள் பனிமூட்டமாக மங்கியது. மறுபடி சிரிப்பார்களே என்று யாரிடமும் மூச்சுவிடாமல் சீட்டாட உட்கார்ந்தார். கூட்டாளி அதே குஞ்ஞவராதான். முதல் ஆட்டம் தோற்றதற்குத் தண்டனையாக இருவர் காதிலும் நூலில் கட்டிய தென்னங்குரும்பை, குணுக்கு என்கிற காதணியாகத் தொங்கியது.

"இந்தா, ஜாக்கி!" என்று ஓங்கி அடித்தார் இத்தாக்கு. விழுந்தது ராணி.

எதிராளிகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். குஞ்ஞவரா மட்டும் சிரிக்கவில்லை.

"மச்சான், நீ சீட்டு மாறிப் போட்டு நான் பாத்ததே இல்லையே. கண்ணு வலிக்குதா?"

"காலைலேருந்து. நீ கேலி பண்ணுவேன்னுதான்…"

"என் நாக்குக்குப் பயந்து கண்ணைத் தொலைப்பியா, கெழட்டுக் கழுதை! எந்திரி!"

பாதிக் காயலில் ஆகாயத்தாமரை படகு விசிறியில் சிக்கி இயந்திரம் நின்றது. கை கிழியக் கிழியக் கொடியைப் பிய்த்தெறிந்தார் குஞ்ஞவரா. இத்தாக்கு கண்ணைப் பொத்திக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்து பார்த்தால், கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் கட்டியிருந்தது. கண்ணிலிருந்து நீரெடுத்து, உள்ளேயே மருந்தை ஏற்றினார்கள். பார்வை நிற்குமா என்று கேட்டதற்கு, "இன்னிக்கு வந்தது நல்லதாப் போச்சு. மத்தது போகப் போகத்தான் தெரியும்" என்றார் டாக்டர்.

இத்தாக்கு காதிலிருந்த குணுக்கை நர்ஸ் அறுத்துப் போட்டாள். குஞ்ஞவரா தன்னுடையதைத் தொடவிடவில்லை. "இவன் பாத்துச் சொல்லட்டும், அப்புறம் கழட்டறேன்."

வலி அடங்கியும் பல நாள் வெறும் வெளிச்சம்தான். ஒரு காலையில் கட்டிலருகே நின்ற உருவத்தை இத்தாக்கு வெகுநேரம் உற்றுப் பார்த்தார். முகம் கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் காதோரம் வாடிக் கறுத்த ஏதோ ஒன்று ஆடியது.

"ஆஸ்பத்திரியிலயுமாய்யா குணுக்கு? கழட்டித் தொலை!"

எதற்கும் சிரிக்கிற குஞ்ஞவரா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.