பத்து மணிக்குத் திறக்கும் பால்வாடி

எங்கள் ஊர் காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கம். அங்கிருந்து மலையேறும் ஜீப்புகள் பொழுது விடிவதற்கு முன்பே கிளம்பிவிடும். கம்பம்மெட்டு தாண்டி கேரளாவில் இருக்கும் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் அவற்றில் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். என் அக்காவும் அவர்களில் ஒருத்தி. அவர்கள் திரும்பும்போது வீடுகளில் விளக்குப் போட்டிருக்கும். ஊர்ப் பால்வாடி திறப்பது பத்து மணிக்கு, மூடுவது மூன்றரைக்கு. அது திறந்திருந்து அக்கா பார்த்ததே கிடையாது.

அக்காவுக்கு மூத்தது பெண். வெகுநாள் கழித்துப் பிறந்தது பையன். மச்சானுக்கு எர்ணாகுளத்தில் கட்டட வேலை. எப்போதாவது தலையைக் காட்டினால் பெரிய விஷயம். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடலாமென்றால், பக்கத்து வீட்டுக்காரியும் அதே ஜீப்பில்தான் இருந்தாள். ஆகவே மூத்தவள் பார்த்துக்கொண்டாள். அப்போது அவள் ஏழாம் வகுப்பு. முதலில் அவ்வப்போது லீவு போட்டாள். பிறகு பள்ளிக்கூடம் போவதுதான் அவ்வப்போது என்றாகிவிட்டது.

நான் பெரியகுளத்தில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். என்னைப் படிக்க வைத்தது அரசாங்கப் பணம். சத்துணவு, பஸ் பாஸ், விடுதி, உதவித்தொகை, எல்லாமே. அரசாங்கம் எதுவும் செய்யாது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். அதனாலேயே எனக்கு ஆத்திரமும் அதிகம். கையாலாகாதவர்கள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது? செய்யத் தெரிந்தவர்கள் செய்யாமல் விடும்போதுதான் வயிறு எரிகிறது.

மூத்தவளை என்னோடு அனுப்பிவிடு, நான் படிக்க வைக்கிறேன் என்று அக்காவிடம் கேட்டேன்.

"இவளக் கூட்டிட்டுப் போயிட்டா அவன யாரு பாக்குறது? நீ லீவு போட்டுட்டு வாறியா?" என்றாள்.

அப்புறம் அந்தத் தெருப் பெண்கள் ஒரு காரியம் செய்தார்கள். கிராமசபைக் கூட்டத்தன்று ஒருத்தியும் ஜீப் ஏறுவதில்லை என்று பேசிவைத்துக்கொண்டார்கள். கூட்டம் நடப்பது அரசு விடுமுறை நாளில். ஏலத்தோட்டத்துக்கு அந்த விடுமுறையெல்லாம் கிடையாது. போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. ஜீப் டிரைவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் தெருவே திரண்டு கூட்டத்துக்கு வந்தது. எனக்கும் விடுமுறை என்பதால் போயிருந்தேன்.

அக்கா எழுந்து நின்றாள்.

"சார், பெருசா ஒண்ணும் கேக்கல. நாங்க ஜீப் ஏறும்போது பால்வாடியத் தொறக்கணும், வந்து எறங்குற வரைக்கும் வச்சிருக்கணும். கூட ஒரு ஆளப் போட்டாப் போதும். எம் மக பள்ளிக்கூடம் போயிருவா. எங்க தெருவுல அவள மாதிரி இன்னும் நெறைய புள்ளைக இருக்கு."

ஒன்றியத்திலிருந்து வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர். எரிந்து விழவில்லை, இளக்காரமாகவும் பேசவில்லை. "ஆளுக்குச் சம்பளம் போட இந்தத் திட்டத்துல வழி இல்லம்மா. கட்டடத்துக்குத்தான் நிதி இருக்கு. புதுக் கட்டடம் வேணும்னு தீர்மானம் போடுங்க, நான் வாங்கித் தர்றேன்" என்றார்.

இருக்கிற கட்டடமே போதும், ஆள்தான் வேண்டும் என்று நான் எழுந்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் சேலையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள்.

"சும்மா இரு டீச்சரு. மொதல்ல கட்டடம் வரட்டும். அம்புட்டுச் செலவழிச்சுக் கட்டிட்டு ஆளு போடாம விட்ருவாகளா?"

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஏலத்தோட்டத்தில் காய் உலர்த்த ஒரு ஸ்டோர் கட்டினால், பூச்சு காய்வதற்குள் அதற்கு ஆள் வைத்துவிடுவார்கள். சும்மா நிற்கப்போகும் சுவருக்கு எந்த முதலாளியும் பணம் போடுவதில்லை. கட்டடம் வந்தால் ஆள் வருவான் என்பது அந்தப் பெண்கள் மலையில் கண்கூடாகப் பார்த்தது. எல்லாரும் கை தூக்கினார்கள். அக்கா இரண்டு கையையும் தூக்கினாள்.

கட்டடம் வந்தது. டைல்ஸ் தரை, சுவர் முழுக்க யானையும் மயிலும், பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சொல்லி ஒரு வாசகம். திறப்பு விழாவைப் பட்டப்பகலில் வைத்தார்கள். கேட்ட பெண்கள் எல்லாரும் அந்த நேரம் மலையில் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து புதுக் கட்டடமும் பத்து மணிக்கே திறந்தது. பழைய இடத்தில் இருந்த அதே டீச்சரும் அதே ஆயாவும் இங்கே மாறி வந்தார்கள். பழையதைப் பூட்டிவிட்டார்கள்.

தம்பி பால்வாடிக்குப் போகிற வயதானதும் மூத்தவள் பள்ளிக்கூடம் போய்ப் பார்த்தாள். அவனை விட்டுவிட்டு ஓடினால் அங்கே முதல் பீரியட் முடிந்திருக்கும். அவனைத் தூக்க மறுபடி பாதியில் கிளம்ப வேண்டும். தினமும் தாமதம், தினமும் வகுப்புக்கு வெளியே நிற்கவைத்தார்கள். கொஞ்ச நாளில் நின்றுவிட்டாள்.

அக்கா கூலியை விட்டுவிட்டு ஒன்றிய ஆபீசுக்குப் போனாள். பழைய அதிகாரிக்கு மாறுதல் ஆகியிருந்தது. உங்கள் ஊர்க் கோரிக்கை நிறைவேறிவிட்டது, இனி அடுத்த ஊருக்குத்தான் என்றார் புதியவர். வெளியே வந்து எனக்குப் போன் போட்டாள். "கேட்டதக் குடுத்துட்டாகளாம்டி" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ஒவ்வொரு பட்ஜெட்டின் போதும் பெண் கல்விக்கு ஒதுக்கியதை டிவியில் வாசிப்பார்கள். அது பொய்ப் பணமில்லை. எங்கள் தெரு வரைக்கும் வந்த பணம், நான் கண்ணால் பார்த்தேன். காலையில் எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்புகிறாய் என்று என் அக்காவிடம் ஒருவர் கேட்டிருந்தால் போதும், அந்தப் பணம் ஒரு பிள்ளையைப் படிக்க வைத்திருக்கும். திட்டம் போடுகிறவர்களுக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை. இனியும் தோன்றுமென்ற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது.

இந்த ஜூனில் பையன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தான். இனி மூத்தவள் என்னோடு வரலாம், தனித்தேர்வு எழுத வைக்கலாம் என்று ஒரு வேகத்தில் ஊருக்குப் போனேன். அவள் வாசலில் தம்பியின் சட்டையை அலசிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள்.

"அவன் பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வந்துருவான் சித்தி. அம்மா வர இருட்டிரும். அதுவரைக்கும் புள்ளைய யார்கிட்ட விடுறது?"

பதினேழு வயதுப் பெண். கோபமில்லை, வருத்தமில்லை. என்னை ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்டிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். தனக்குச் சேர வேண்டியது ஒன்று இருந்தது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.