கூக்கால் காற்றுக்கு ஒரு ஜோடி கார்புரேட்டர்

நான் வேலை செய்யும் பஸ் டெப்போவில் வெயில் கொஞ்சம் சுள்ளென்று அடித்துவிட்டால் போதும், யாராவது ஒருவர் என் தோளைத் தட்டி, "உங்கள் ஊர் மாதிரி இருக்கிறதா?" என்று கேட்பார். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு தொழில் நகரத்தில் இருபத்திரண்டு வருடங்களாக இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வருகிறேன். முதல் இரண்டு வருடம் உண்மையைச் சொன்னேன். என் ஊர் கூக்கால், அது பழனி மலையின் மேல்தட்டில் இருக்கிறது, கொடைக்கானலையும் தாண்டிப் போகவேண்டும், மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி பிடித்து வெளுத்துக் கிடக்கும், நாங்கள் நடக்கப் பழகியதே ஸ்வெட்டரும் மங்கிக் குல்லாவுமாகத்தான் என்று விளக்கினேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். நான் தமாஷ் பண்ணுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் சலித்துப்போய், "ஆமாம், இப்படித்தான் கொளுத்தும்" என்று சொல்லத் தொடங்கினேன். பேச்சு அதோடு முடிந்துவிடும். அந்தச் சின்னப் பொய்யால் எனக்கு இத்தனை வருடத்தில் ஒரு கெடுதலும் வந்ததில்லை, போன லீவு வரைக்கும்.

எங்கள் வீட்டில் ஒரு பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள் உண்டு. இரட்டை சிலிண்டர், அதற்கு இரண்டு கார்புரேட்டர். கொடைக்கானலில் வாத்தியாராக இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊரைக் காலி செய்து போகும்போது, அண்ணன் முருகேசனும் நானும் அந்த வருடத்துப் பூண்டு விற்ற காசைப் போட்டு அதை வாங்கினோம். ஆளுக்குப் பாதி. பிறகு நான் ஐ.டி.ஐ. முடித்து, சிங்கப்பூர் போய், அங்கிருந்து இங்கே வந்து சேர்ந்தேன். அண்ணன் நிலத்தோடும் வண்டியோடும் ஊரிலேயே தங்கிவிட்டார். அந்த வண்டியைச் செய்த தொழிற்சாலை, நான் இப்போது குடியிருக்கும் வீட்டிலிருந்து நாலு பஸ் நிறுத்தம் தள்ளித்தான் இருந்திருக்கிறது. இன்று அந்த இடத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட். பூண்டுக்காரன் வீட்டுப் பிள்ளை நான், அங்கே போய் ஸ்பெயின் பூண்டு வாங்குகிறேன். வண்டி பிறந்த ஊரில் நான், நான் பிறந்த ஊரில் வண்டி. இதை யாரிடம் சொன்னாலும் ரசிக்கிறார்கள். எனக்கு மட்டும் இதை நினைத்தால் உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது.

பக்கத்து வீட்டுக் கிரஹாமிடம் இதே வண்டி இருக்கிறது. ரிட்டயரான மனிதர், பகலெல்லாம் தோட்டத்து ஷெட்டில்தான் இருப்பார். வருடத்துக்கு இரண்டு தடவை கண்காட்சிக்கு எடுத்துப் போவதோடு சரி, மற்ற நாளெல்லாம் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஆணி முதல் ஆசனம் வரை தொழிற்சாலையில் போட்டது அப்படியே இருக்கிறது, கார்புரேட்டர் மட்டும் யாரோ மாற்றிவிட்டார்கள் என்பது அவருடைய தீராத குறை. அண்ணன் அனுப்பிய போட்டோவில் எங்கள் வண்டியின் பழைய கார்புரேட்டர்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. புத்தம்புது ஜோடி ஒன்றை வாங்கித் தருகிறேன், அந்தப் பழையதை எனக்குக் கொண்டுவந்து கொடு என்றார். அண்ணன் போனில் வாரம் ஒரு தரம், "பெட்ரோல் ஒழுகுதுடா, ஸ்லோவுல நிக்க மாட்டேங்குது" என்று புலம்பிக்கொண்டிருந்த சமயம். நான் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அங்கேயே சரி என்றேன். அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் நான் ஊரில் இல்லை. பூண்டு அழுகி நட்டமான வருடங்களிலும் இல்லை. இல்லாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து இது ஒன்றையாவது செய்துவிடலாம் என்று நினைத்தேன்.

புது ஜோடி வந்ததும் கிரஹாம் அதை மேசையில் பிரித்து வைத்துக்கொண்டு, "சூடான ஊர்தானே? சமவெளிதானே?" என்று கேட்டார். வாய் பழகிவிட்டது. "ஆமாம்" என்றேன். அவர் அட்டவணையைப் பார்த்து, பெட்ரோல் பாயும் துளைக்கு அதற்கேற்ற அளவில் ஜெட் போட்டு, பெட்டி மேல் அழகாக எழுதிக் கொடுத்தார்.

லீவில் ஊருக்குப் போகிற நம்மவர்களுக்கு ஒரு வியாதி உண்டு, உங்களில் பலருக்கும் இருக்கும். வந்த மறுநாளே எதையாவது கழற்றிப் பூட்ட வேண்டும். குழாய், கீல், தாழ்ப்பாள், ஸ்விட்ச் பெட்டி. பன்னிரண்டு நாளில் இருபத்திரண்டு வருடத்தைச் சரிக்கட்டிவிட வேண்டும் என்கிற பரபரப்பு. மதினி பார்த்துவிட்டு, "வந்த மனுசன் ஒரு எடத்துல குந்துறாகளா பாரு. வீட்டப் பிரிச்சு மேஞ்சுட்டுத்தான் பிளேன் ஏறுவாக போல" என்று சிரித்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது. பூண்டுப் பல்லைத் தடவிப் பார்த்துத்தான் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். மதுரையிலிருந்து டாக்டர் மாதம் ஒரு நாள் கொடைக்கானலுக்கு வந்து ஆபரேஷன் செய்வார், அந்த நாள் நான் வந்த நாலாவது நாளில் வந்தது. எங்கள் ஊர் பஸ்ஸை நம்பினால் டோக்கன் முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம். அதனால் அண்ணன் வண்டியில் வெள்ளனே கூட்டிப் போவதாக ஏற்பாடு.

அதற்கு முந்தின நாள் அண்ணன் பூண்டு மூட்டைகளோடு வடுகபட்டிச் சந்தைக்குப் போயிருந்தார். ஆள் திரும்புவதற்குள் முடித்து ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று வண்டியைப் பிரித்தேன். பழைய கார்புரேட்டர்களின் உள்ளே பார்த்தபோது சிரிப்புத்தான் வந்தது. கேஸ்கட் டீத்தூள் அட்டையில் வெட்டியது. பெட்ரோலை அளந்து விடும் நீடில் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, நன்றாகக் கீழே இறக்கியிருந்தது. ஜெட்டின் துளையை அண்ணன் ஈயம் வைத்து அடைத்து, மெல்லிய கம்பியால் மறுபடி துளை போட்டிருந்தார். நாட்டு வைத்தியம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். புதியதை மாட்டினேன், பழையதைக் கழுவித் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்தேன். சாயங்காலம் அண்ணன் வந்ததும் ஒரே உதையில் கிளப்பிக் காட்டினேன். முற்றத்தில் வண்டி அடக்கமாக நின்று உறுமியது. அண்ணன் குனிந்து பார்த்தார், பளபளப்பை விரலால் தொட்டார், "புதுசா?" என்று மட்டும் கேட்டார்.

விடிந்ததும் மதினியை ஏற்றிக்கொண்டு அண்ணன் கிளம்பினார். வண்டி எப்படி இழுக்கிறது என்று பார்க்கும் ஆசையில் நான் பக்கத்து வீட்டு ஸ்கூட்டரில் பின்னால் போனேன். பூம்பாறை ஏற்றத்தில் வண்டி கறுப்புப் புகை கக்கியது. அடுத்த வளைவில் இருமி இருமி நின்றுவிட்டது. எத்தனை உதைத்தும் உயிர் வரவில்லை. என் ஸ்கூட்டரோ அந்த ஏற்றத்தில் என்னையே திணறித்தான் இழுத்து வந்திருந்தது, இரண்டு பேரைச் சுமக்காது. மதினி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்தார். அண்ணன் பிளக்கைக் கழற்றி என் முன்னால் நீட்டினார்.

"பாரு, அடுப்புக் கரி கணக்கா கெடக்கு. பெட்ரோலு கூடுதலாப் போகுது. எந்த ஊருக் காத்துக்கு வச்சுக் குடுத்தாக இத?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலை மேலே காற்று மெலிவு. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறைய வேண்டும், அதற்குத்தான் அண்ணன் துளையைச் சிறிதாக்கியிருக்கிறார். படித்தவன் நான், பஸ் என்ஜின்களோடு பிழைப்பு நடத்துகிறவன் நான், பிறந்த மலையின் காற்றை மறந்துவிட்டேன்.

"கீழ நாட்டுக் காத்துக்குண்ணே" என்றேன்.

"ஏலே, நம்ம ஊரு மேல கெடக்குன்னு நீ சொல்லலியா?"

"வாங்கிக் குடுத்த வெள்ளைக்காரரு கேட்டாருண்ணே. சூடான ஊருதானேன்னு கேட்டாரு. நான் ஆமான்னு சொல்லிட்டேன்."

அண்ணன் கத்தியிருந்தால் தேவலை. வழி தவறி வந்த டூரிஸ்ட்டைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். மதினிதான் பேசினார். "கூக்காலு சூடான ஊராமா? நல்ல கூத்து. பாவம், அங்கன போயி காய்ச்சல் கண்டுருக்கும் தம்பிக்கு." கேரட் மூட்டை ஏற்றிய ஜீப் ஒன்று வெகுநேரம் கழித்து வந்து அவர்களை ஏற்றிக்கொண்டது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது டோக்கன் முடிந்திருந்தது. அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் நான் டெப்போவில் இருப்பேன்.

மதியம் திரும்பும் ஜீப்பில் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வந்ததும் அண்ணன் கேட்டார். "பழசு எங்க?"

"என் பெட்டில இருக்குண்ணே. அந்த வெள்ளைக்காரருக்குக் குடுக்கறதாச் சொல்லிட்டேன்."

"என்னைய ஒரு வார்த்தை கேக்காமயா?"

வெட்கம் ஆளை என்னவெல்லாம் பேச வைக்கும் பாருங்கள். "வண்டில பாதி எனக்குத்தானேண்ணே" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது.

அண்ணன் சாவதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டார். "பாதி ஒனக்குத்தான். நான் இல்லைன்னு சொல்லல. எந்தப் பாதின்னு சொல்லு, கழட்டித் தாரேன்."

நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய் நின்றுகொண்டேன். அழுதேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அழுதேன். பரிகாரம் என்று நினைத்துக் கொண்டுவந்ததை வைத்து மதினியின் கண்ணில் இன்னும் ஒரு மாத இருட்டைக் கூட்டிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அண்ணன் ஸ்பானரோடு வந்தார். "வா, வந்து பிடி" என்றார். பெட்டியிலிருந்து பழையதை எடுத்து வந்து கொடுத்தேன். நல்லவேளை, இரண்டிலும் ஜெட்டின் மரை ஒன்றாகவே இருந்தது. அவருடைய ஈயம் வைத்த ஜெட்டுகளைக் கழற்றிப் புதியதில் முடுக்கினோம், நீடிலை அவர் சொன்ன அளவுக்கு இறக்கினோம். ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து பிளக்கைக் காட்டினார். நல்ல காப்பித்தூள் நிறம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. "கூடு நல்லாத்தான் இருக்கு" என்றார். என் கார்புரேட்டருக்கு அவர் வாயிலிருந்து கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். பழையதை மறுபடி செய்தித்தாளில் சுற்றி அவரே என் கையில் கொடுத்தார். "வாக்குக் குடுத்துட்ட, கொண்டு போ."

கிளம்பும் நாளில் தன்னுடைய வண்டியிலேயே கொண்டுவிடுகிறேன் என்றார். மதினி வாசல் வரை வந்து, குரலை வைத்து நான் நிற்கும் பக்கம் பார்த்துக் கையசைத்தார். பூம்பாறை, கொடைக்கானல் எல்லாம் வண்டி வெண்ணெயாகப் போனது. டவுனைத் தாண்டி இறங்க இறங்கக் காற்று கனத்தது, சின்னத் துளையில் வரும் பெட்ரோல் அதற்குப் போதாமல் என்ஜின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்தது. பெருமாள்மலை வந்தபோது ஆக்சிலேட்டரைத் திருகினால் பின்பக்கமாகத் தும்மியது. அண்ணன் ஓரங்கட்டினார்.

"இதுக்குக் கீழ போனா சூடாகிப் பிஸ்டனு போயிரும். நீ இங்கனயே பஸ்ஸப் பிடி."

வத்தலக்குண்டு வரை அவரோடு போகலாம் என்று எண்ணியிருந்தேன். இன்னும் ஒரு மணி நேரம் அந்த முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கலாம். "கழட்டுன அந்தப் பெரிய ஜெட்டு ரெண்டும் என் சட்டைப்பையிலதான் இருக்குண்ணே. பத்து நிமிசத்துல மாத்திடுறேன். கீழ வரைக்கும் நல்லாப் போகும்" என்றேன்.

"கீழ போகும். நான் திரும்ப ஏறணும்ல?"

மதுரை பஸ் வந்தது. பையை ஏற்றிவிட்டு, "வெரசாப் போ, எடம் போயிரும்" என்றார். ஜன்னல் ஓரம் கிடைத்தது. பஸ் முதல் வளைவில் திரும்பும்போது மேலே அவர் வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. அடுத்த வளைவில் இன்னும் மேலே கேட்டது, தும்மல் இல்லாமல், நன்றாக இழுத்துக்கொண்டு. நான் தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே இறங்கினேன். இரண்டு வளைவு போனதும் மலை இறங்கும்போது எல்லோருக்கும் ஆவதுபோல எனக்குக் காது அடைத்துக்கொண்டது. எச்சில் விழுங்கினேன், மூக்கைப் பிடித்து ஊதிப் பார்த்தேன், திறக்கவில்லை. அண்ணன் வெகுதூரம் போய்விட்டாரா, இல்லை பக்கத்தில்தான் ஏறிக்கொண்டிருக்கிறாரா, எனக்குத்தான் கேட்கவில்லையா என்று தெரியவில்லை.