வாளியண்ணன் கேப்டனான நாள்

அவருக்கு ஒரு பேர் இருக்கத்தான் செய்தது. சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும்போது மட்டும் அது வெளியே வரும். மற்றபடி அந்தக் கடற்கரை முழுக்க அவர் வாளியண்ணன்தான்.

சுற்றுலா வருகிறவர்கள் குடும்பமாகவோ கூட்டாளிகளாகவோ சேர்ந்து மொத்தமாக வாடகைக்கு எடுத்துப் போகிற ஒரு வெள்ளை போட்டில் அவருக்கு வேலை. என்ன வேலை என்றால், கால் கழுவிவிடுகிற வேலை. சிரிக்காதீர்கள். அந்த போட்டின் தளம் பூராவும் மரம், முகம் பார்க்கிற மாதிரி பாலிஷ். காலில் ஒட்டிக்கொண்டு வருகிற மணல் போதும், தளம் முழுக்கக் கீறல் விழுந்துவிடும், முதலாளி தையதக்கா என்று குதிப்பார். அதனால் ஏணி ஏறினதும் உட்காருவதற்கு ஒரு பலகை, பலகைக்குக் கீழே நல்லதண்ணி வாளியோடு இவர். செருப்பைக் கூடையில் போட வேண்டியது, காலை நீட்ட வேண்டியது. ஒரு குவளை தண்ணீர், விரலிடுக்கில் ஒரு தேய்ப்பு, துண்டால் ஒரு ஒற்று, அவ்வளவுதான், அடுத்த ஆள் வரலாம்.

சிலர் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வார்கள். சிலர் போனைப் பார்த்துக்கொண்டே காலை மட்டும் கொடுப்பார்கள். இவர் யார் முகத்தையும் பார்க்கிற வழக்கமில்லை. வந்தவர் ராஜாவோ கூஜாவோ, இவருக்கு இரண்டு கால், அதில் மணல். அந்த வாளிதான் வீட்டுக்கு ஓடு போட்டது, மகளைப் பட்டம் வாங்க வைத்தது. அதில் அவருக்கு வெட்கம் இருந்ததா என்று கேட்டால், வேலை செய்கிறபோது இல்லை. சொல்லிக்கொள்கிறபோதுதான் இருந்தது.

போட்டின் கேப்டன் இவர் வயதில் பாதி இருப்பான். கெட்டிக்காரன், தலைக்கனம் இல்லாதவன். கூட்டம் ஏறி முடித்ததும் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு கடைசியாக ஏறுவது அவன்தான். பலகையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "வாளியண்ணே, மகாராஜா வந்தாச்சு" என்று காலை நீட்டுவான். "மகாராஜா காலைப் பாரு, தார் ரோடு மாதிரி" என்று இவர் குதிகாலில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார். தினம் இதே பேச்சு, இதே தட்டு. கேட்கிற நமக்குத்தான் சலிக்கும், அவர்கள் இரண்டு பேருக்கும் சலித்ததே இல்லை.

வினை வந்தது மகள் கல்யாணத்தில். பெண் பார்க்க வந்த இடத்தில், மாப்பிள்ளையின் அப்பா, இரும்புக்கடை வைத்திருக்கிற பெரிய மனிதர் கேட்டார், பெண்ணுக்கு அப்பா என்ன செய்கிறார் என்று. இவர் வாயைத் திறப்பதற்குள் தரகர் முந்திக்கொண்டு, போட் கேப்டன் என்று சொல்லிவிட்டார். ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்று வளர்ந்த ஆள் அவர். அந்த நிமிஷமே இல்லைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர் என்ன செய்தார்? மீசையைத் தடவிக்கொண்டார். அந்தத் தடவலில் பொய் நிஜமாகிவிட்டது. உள்ளே நின்ற மகள் அப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். இவர் கூரையைப் பார்த்தார்.

கல்யாணம் ஆகி ஒரு வருஷம் ஓடியது. சம்பந்தி வீடு வேறு ஊரில் இருந்ததால் பொய்க்கும் ஒரு ஆபத்தும் வரவில்லை. அப்புறம் ஒருநாள் சம்பந்தியே போன் செய்தார். குடும்பத்தோடு கடற்கரைக்கு விடுமுறைக்கு வருகிறோம், உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று உங்கள் போட்டையே ஒரு நாளுக்கு மொத்தமாகப் பிடித்துவிட்டோம், சம்பந்தி ஓட்டி நாங்கள் உட்கார்ந்து வரவேண்டும், நாளைக்குக் காலையில் பார்ப்போம் என்றார். சந்தோஷத்தில் அவர் குரல் இரைந்தது. இவர் சரி சரி என்று சொல்லிப் போனை வைத்தார்.

மனைவியிடம் சொன்னார். அந்தம்மா சமையலறையிலிருந்து வெளியே வரவே இல்லை. எனக்கு நாளைக்கு வயிறு சரியிருக்காது, நான் வரவில்லை என்று அங்கேயிருந்தே சொல்லிவிட்டாள். மறுநாள் வரப்போகிற வயிற்றுவலி முதல்நாளே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் இருப்பதில் நல்ல வெள்ளைச் சட்டையைத் தேய்த்து ஆணியில் மாட்டி வைத்தாள்.

விடிந்ததும் போட்டுக்கு ஓடி, தலையைச் சொறிந்துகொண்டு விஷயத்தைக் கேப்டனிடம் கொட்டினார். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, தன் தொப்பியைக் கழற்றி இவர் தலையில் வைத்தான்.

"இன்னைக்கு ஒருநாள் நீ மகாராஜா, நான் வாளி. திறந்த கடல்ல நீ ஸ்டியரிங்கப் பிடிச்சாலே போதும், நான் பக்கத்துல நிக்கிறேன். தீவுப் பாறைகிட்ட வர்றப்ப ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கிக்கிறேன். பொண்ணு வாழ்ற வீடுண்ணே, விடு."

கேட்டுக்கொள்ளுங்கள், இவர் கேட்கக்கூட இல்லை. அவனாகக் கொடுத்தான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இவர் இருபது வருஷமாக அடுத்தவர் காலோடு பழகியவர், தன் காலை எங்கே விடுகிறோம் என்று அன்றைக்குப் பார்க்கவில்லை.

சம்பந்தி குடும்பம் முழங்கால் தண்ணீரில் நடந்து போட்டுக்கு வந்தது. சம்பந்தி, அவர் வீட்டம்மா, அத்தைகள், குழந்தைகள், மாப்பிள்ளை, கடைசியில் மகள். இவர் மேலே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றார். கீழே கேப்டன் வாளியோடு குத்தவைத்திருந்தான். முதல் ஆளாக ஏறினவர் சம்பந்தி. முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டிருந்த புது வெள்ளைப் பேண்ட்டோடு பலகையில் உட்கார்ந்து காலை நீட்டினார்.

போட் ஓட்டத் தெரிந்தவனுக்குக் கால் கழுவத் தெரியவேண்டும் என்று சட்டமா என்ன? குவளையைச் சாய்க்கவேண்டிய இடத்தில் கவிழ்த்துவிட்டான். தண்ணீர் முழங்காலுக்கு மேலே போய் வெள்ளைப் பேண்ட்டில் படம் வரைந்தது. சம்பந்திக்கு மூக்குக்கு மேல் கோபம். கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று அவனைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டு, மேலே திரும்பி இவரிடம் கேட்டார், இந்த மாதிரி ஆளையெல்லாம் எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று.

புதுசு, மன்னித்துவிடுங்கள் என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் தலையில் தொப்பி இருந்தது. அத்தைகள் எல்லாரும் கேப்டன் என்ன சொல்கிறார் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு கூட்டம் இவரை அண்ணாந்து பார்க்கிறது.

"என்ன பண்றது சம்பந்தி. வேற எதுக்கும் லாயக்கில்லாதவன்தானே வாளியத் தூக்க வருவான். அவன்கிட்ட போய்ப் புத்தியை எதிர்பார்த்தா முடியுமா?"

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தியும் கோபம் தணிந்து சிரித்தார். அட பாவி மனுஷா, உன் நாக்கு எப்படிக் கூசாமல் இருந்தது? கேப்டன் ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். "மன்னிச்சுக்குங்க சார்" என்று சம்பந்தியிடம் சொல்லிவிட்டு, துண்டை எடுத்து அவர் பாதத்தை ஒற்றினான். ஏணியின் கீழ்ப்படியில் நின்றிருந்த மகள் சிரிக்கவில்லை. அவள் முறை வந்தபோது கேப்டனைக் காலைத் தொட விடாமல், தானே குவளையை வாங்கி ஊற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போட் கிளம்பியது. கடல் அமைதியாக இருந்தது, காற்று சுகமாக இருந்தது, குழந்தைகள் கத்திக் கும்மாளம் போட்டார்கள். இவருக்குத்தான் ஒன்றும் ஒட்டவில்லை. கேப்டன் பக்கத்தில் நின்று, யாருக்கும் கேட்காத குரலில், கொஞ்சம் வலது, இப்போ நேர் என்று சொல்லிக்கொண்டே வந்தான். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால்கூட இவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். அது வெறும் வேலைக்குரலாக இருந்தது.

போகிற இடம் ஒரு சின்ன மணல்தீவு. அதை நெருங்கும்போது தண்ணீருக்கடியில் இரண்டு பக்கமும் பாறை, நடுவில் ஒரு போட் மட்டும் நுழைகிற இடைவெளி. தூரத்தில் நுரையைப் பார்த்ததுமே இவர் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தம்பி, பிடி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பின்னால் சம்பந்தி உட்கார்ந்திருக்கிறார். வார்த்தை வரவில்லை. போட்டில் பிள்ளைகுட்டிகள் இருக்கிறார்கள், தன் மகள் இருக்கிறாள், இந்த மனுஷனுக்கு மானம் போய்விடுமே என்று வாய் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கேப்டன் காத்திருந்து பார்த்தான். அப்புறம் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பணிவாகச் சொன்னான்.

"சார், தீவு வருது. நீங்க போய் உங்க வீட்டு ஆளுங்களுக்கு இடத்தைக் காட்டுங்க. அதுவரைக்கும் நான் சும்மா பிடிச்சுட்டு நிக்கிறேன்."

அவமானப்பட்டவன் அவமானப்படுத்தினவரின் மானத்தைக் காப்பாற்றினான். இவர் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, கூட்டத்தின் நடுவில் போய் நின்று, தீவைக் கை காட்டி ஏதோ உளறினார். போட் பாறைகளுக்கு நடுவே பூப்போல நுழைந்தது. கேப்டன் சம்பந்திக்குத்தான் எவ்வளவு அனுபவம், வாளிக்காரனையே ஓட்டப் பழக்கிவிட்டாரே என்று ஒரு அத்தை மெச்சினாள். இவர் கூனிக் குறுகிப் போனார்.

தீவில் எல்லாரும் இறங்கி மணலில் ஓடினார்கள். மகள் மட்டும் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். கல்யாணமான முதல் வாரமே தன் புருஷனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அவர், அதனாலென்ன, உழைக்கிறார்தானே என்று சொல்லிவிட்டாராம். தன் அப்பாவிடம் பக்குவமாகத் தானே சொல்லிக்கொள்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறாராம். சொல்ல வேளை வாய்க்கவில்லை, அவ்வளவுதான். ஆக, அந்தத் தொப்பிக்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

"நீங்க கேப்டன்னு பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிசா இல்லப்பா. லாயக்கில்லாதவன்தான் வாளியத் தூக்குவான்னு சொன்னீங்களே. அப்போ இத்தனை வருஷம் எனக்குச் சோறு போட்டது யாரு?"

புருஷன் கூப்பிட்டார் என்று மகள் போய்விட்டாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பார்.

திரும்பக் கிளம்புகிற நேரம் வந்தது. கேப்டன் வாளியை நோக்கிக் குனிந்தபோது, அதை அவன் கைக்கு எட்டாமல் இவர் எடுத்துக்கொண்டார். தொப்பியைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். அவன் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நங்கூரத்தைப் பார்க்கப் போனான். இவர் வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டு, பலகைக்குக் கீழே தன் இடத்தில் உட்கார்ந்தார்.

முதலில் ஏறியவர் மறுபடியும் சம்பந்திதான். வாளியோடு இவரைப் பார்த்ததும் திகைத்து, என்ன விளையாட்டு இது என்றார்.

"விளையாட்டு இல்ல சம்பந்தி. கேப்டன் அந்தத் தம்பிதான். நான் இந்த வாளிக்காரன். கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே இதுதான் என் வேலை. எனக்காகத்தான் அவன் காலையில இங்க உட்கார்ந்தான்."

சம்பந்தியின் முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் நின்ற அத்தைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை மட்டும் முன்னால் வந்து, உட்காருங்கப்பா, எல்லாரும் ஏறணும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். சம்பந்தி உட்கார்ந்தார். காலை நீட்டினார். இவர் எப்போதும்போலச் சாய்த்து ஊற்றி, விரலிடுக்கைத் தேய்த்து, ஒற்றினார். ஒரு சொட்டுக்கூடப் பேண்ட்டில் படவில்லை.

"முன்னாடியே சொல்லியிருந்தா," என்றார் சம்பந்தி, கடைசியில், "அந்தப் பையனை நான் அப்படிப் பேசியிருக்க மாட்டேனே."

அதுவும் நியாயம்தான். ஒருவர் சொன்ன பொய்க்கு இன்னொருவரும் வெட்கப்பட வேண்டியதாகிவிட்டது. சம்பந்தி நேரே முன்பக்கம் போய், கீழே நங்கூரத்தோடு நின்ற கேப்டனிடம் வருத்தம் தெரிவித்தார். காற்று அந்தப் பக்கமிருந்து வீசியதால் அவன் பதில் இவருக்கும் கேட்டது.

"விடுங்க சார். நீங்க தெரியாமப் பேசினீங்க. அதுல ஒண்ணும் இல்ல."

ஒவ்வொருவராக ஏறினார்கள். அத்தைகள் கூச்சத்தோடு காலைக் கொடுத்தார்கள். மகள் வந்தாள். காலையில் செய்த மாதிரியே குவளையைத் தானே வாங்கி ஊற்றிக்கொண்டாள். ஆனால் போகும்போது அவர் தோளில் ஈரக்கையை ஒரு கணம் வைத்துவிட்டுப் போனாள். அதற்கே அவருக்குக் கண் கரித்தது.

கடைசியில் கேப்டன். நங்கூரத்தை உள்ளே போட்டுவிட்டு ஏணி ஏறி வந்தான். பாதம் முழுக்க மணல். இவர் குவளையை நிரப்பித் தயாராக வைத்திருந்தார். மகாராஜா வந்தாச்சு என்று அவன் சொல்வான், குதிகாலில் ஒரு தட்டுத் தட்டுவோம், அந்தச் சாக்கில் மன்னித்துக்கொள் தம்பி என்று சொல்லிவிடுவோம் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தார். சொல்ல வேண்டிய வார்த்தையை அவர் நாலு தடவை சொல்லிப் பார்த்தும் இருந்தார்.

அவன் பலகையில் உட்காரவில்லை. நின்றபடியே குனிந்து, இவர் கையிலிருந்த குவளையை மெல்ல வாங்கிக்கொண்டான்.

"இருக்கட்டும்ணே," என்றான். "நானே கழுவிக்கிறேன்."

வலது காலில் ஊற்றினான், இடது காலில் ஊற்றினான். தண்ணீர் தளத்திலெல்லாம் சிந்தியது. காலியான குவளையை வாளிக்குள் போட்டுவிட்டு ஸ்டியரிங் பக்கம் போனான். இவர் துண்டை எடுத்து, அவன் சிந்திவிட்டுப் போன தண்ணீரைத் துடைக்க ஆரம்பித்தார்.