பெயர் நிற்காத தகடு

இதைச் சொன்னால் லைப்சிக் நகரில் பாதிப் பேர் என்னைக் குடிகாரி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அன்று நான் குடித்தது சிக்கரிக் காபி மட்டும்தான். பேய் என்றதும் நடுராத்திரி, மெழுகுவர்த்தி, ஆந்தை என்று எதிர்பார்க்கிறவர்களுக்கும் ஏமாற்றம்தான். எனக்கு நடந்தது பட்டப்பகலில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து இருபதுக்கு. 1853, நவம்பர் 20.

என் பெயர் எர்னஸ்டீன் வாப்னிட்ஸ். இசைப் புத்தகங்களுக்கு அச்சுத் தகடு அடிப்பவள். வெள்ளீயத் தகட்டில் ஒவ்வொரு சுரத்தையும், ஒவ்வோர் எழுத்தையும் எஃகு உளியை வைத்துச் சுத்தியலால் அடித்து இறக்க வேண்டும். அதுவும் இடவலம் மாற்றி. தப்பாக அடித்துவிட்டால் தகட்டைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கம் தட்டி, பள்ளத்தை மேலே எழுப்பிச் சமமாக்குவோம். அப்படித் தட்டிய இடத்தில் தகட்டின் முதுகில் தழும்பு நிற்கும். தழும்பில்லாமல் ஒரு எழுத்தை அழிக்க எந்தக் கொம்பனாலும் முடியாது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஃப்ளோரியன் ஆல்போர்ன் பட்டறைக்கு வந்தார். ஊரே கொண்டாடிய இசைமேதை. அவர் பியானோ முன்னால் உட்கார்ந்தால் சீமாட்டிகள் மயங்கி விழுவார்களாம். ஒன்பது வருஷமாக அவருடைய படைப்புகளுக்கெல்லாம் நான்தான் தகடு அடித்தேன். புதிதாக ஆறு பியானோப் பாடல்கள். தலைப்பும் பெயரும் வருகிற முகப்புத் தகடு மட்டும் பாக்கி. திங்கட்கிழமை அச்சு.

வந்தவர் ஒரு சீட்டில் முகப்பு விவரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டார். பெரிய, பரந்த, அலட்சியமான எழுத்து. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒன்பது வருஷமாக என் மேசைக்கு வந்த தாள்களில் இருந்தது சின்னச் சின்னதாக வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. என் பெற்ற தாயின் கையெழுத்தைவிட எனக்கு அது பழக்கம்.

"இந்தத் தாளெல்லாம் உங்க கையெழுத்து இல்லையா?" என்று கேட்டேன்.

"என் தங்கச்சி லெயோனோரே எழுதினது. நான் மெட்டுப் போட்டத அவ நகல் எடுப்பா. மார்ச்சுல போயிட்டா, பாவம்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. அந்தத் தாள்களில் ஒரே இடத்தை மூன்று விதமாக எழுதி, இரண்டை அடித்து, ஒன்றை வைத்திருப்பாள். நகல் எடுக்கிறவள் எதற்கு யோசிக்க வேண்டும்? அதுபோக, ஒவ்வொரு முதல் பக்கத்தின் தலைப்பிலும் ஏதோ ஒரு சொல்லைக் கத்தியால் சுரண்டிவிட்டு, மேலே ஃப்ளோரியன் என்று எழுதியிருந்தது. ஒன்பது வருஷமாக அதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

மதியம் இரண்டு மணிக்கு முகப்பில் 'ஃப்ளோரியன் ஆல்போர்ன்' என்று அடித்து முடித்தேன். காபி குடித்துவிட்டு இரண்டு இருபதுக்குத் திரும்பினேன். 'ஆல்போர்ன்' இருந்தது. 'ஃப்ளோரியன்' இல்லை.

பக்கத்து மேசை ரைகெல்ட் எப்போதும் வம்புக்கு அலைகிறவர். அவர் வேலைதான் என்று பாய்ந்தேன்.

"என்னம்மா, அந்த அழகன் பேரை அடிக்கிறப்ப கை வழுக்கிடுச்சா?" என்று சிரித்தார்.

"உங்க விளையாட்ட வீட்டுல வச்சுக்குங்க."

"சத்தியமா நான் தொடலம்மா. தகட்ட திருப்பிப் பாரு."

திருப்பினேன். முதுகு வழவழவென்று இருந்தது. ஒரு தழும்புகூட இல்லை. ரைகெல்ட்டின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

மறுபடி அடித்தேன். அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் இறந்தோர் ஞாயிறு. ஊர் மொத்தமும் பூவும் கையுமாகக் கல்லறைக்குப் போயிருந்தது. முகப்பை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு நானும் அப்பாவின் கல்லறைக்குப் போகலாம் என்று பத்து மணிக்குப் பட்டறையைத் திறந்தேன். நல்ல வெயில். அலமாரிப் பூட்டு பூட்டியபடி இருந்தது. தகட்டை எடுத்தேன்.

'ஆல்போர்ன்' மட்டும்.

பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. திங்கள் காலை தகடு தயாராக இல்லையென்றால் முதலாளி ஷ்ராம் என்னைத் தெருவில் நிறுத்திவிடுவார். பொம்பளைக்கு எதற்கு உளி என்று முதல் நாளிலிருந்தே முணுமுணுப்பவர் அவர். அவருக்கு ஒரு சாக்குக் கொடுக்க நான் தயாரில்லை. உட்கார்ந்து மூன்றாம் முறை அடித்தேன்.

பத்து இருபது. தேவாலய மணி அடிக்கத் தொடங்கியது. கடைசி எழுத்தை முடித்துச் சுத்தியலைக் கீழே வைத்தேன்.

டக்.

சத்தம் தகட்டுக்கு அடியிலிருந்து வந்தது. மேசைப் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு தாள்கூட நுழையாது.

டக்... டக்...

என் கண் முன்னால் கடைசி எழுத்து மேலே எழும்பியது. சமமானது. மறைந்தது. பிறகு அதற்கு முந்தின எழுத்து. அவசரமே இல்லை. வேலை தெரிந்த கை.

மூக்கில் ஈர மண் வாசனை...

"யாருடி அது?" என்று கத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "இது என் தகடு! என் பொழப்பு!"

தட்டுவது நின்றது. கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தோன்றியது.

பிடிவாதத்தில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை. மறுபடி அடித்தேன். அழிந்தது. அடித்தேன். அழிந்தது. ஐந்து தடவை. கை விட்டுப்போகும் போல வலித்தது. அழுகை வந்தது.

அப்போது மேசையில் கிடந்த, அவள் எழுதிய முதல் பாட்டின் தாள் நகர்ந்தது. ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. தாள் மெதுவாக... விளிம்பு வரை வந்து... நின்றது.

எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். சுரண்டிய இடம் மெல்லிசாக இருந்தது. அதன் வழியாக வெளிச்சம் வந்தது. கத்தி எடுக்க மறந்த மை, அடியில் அப்படியே இருந்தது.

லெயோனோரே.

மற்ற ஐந்து பாடல்களையும் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும்.

என் அழுகை நின்றது. பயம் போனதால் அல்ல. அதைவிடப் பெரிதாக ஒன்று வந்துவிட்டது. ஒன்பது வருஷம் அவள் பெயரை நானே என் கையால் புதைத்திருக்கிறேன்.

"சரி," என்றேன். "வேலை போனா போகட்டும்."

உளியை எடுத்தேன். முதல் எழுத்து. அழியவில்லை. இரண்டாவது. அழியவில்லை.

என் கையின் மேல் ஒரு கை...

பனிக்கட்டி மாதிரி. ஆனால் தடுக்கவில்லை. கூடவே வந்தது.

கடைசி எழுத்து. டக்.

தேவாலய மணி மறுபடி அடித்து நின்றது.

என் சுத்தியல் இருந்தது.

உளி... கையில் இல்லை.

தரை முழுக்கத் தேடினேன். கிடைக்கவே இல்லை. என் உளி ஒவ்வொன்றின் தண்டிலும் என் பெயரின் முதலெழுத்தைக் கீறி வைத்திருப்பேன். தொலையவே தொலையாது.

திங்கள் காலை முதலாளியும் ஃப்ளோரியனும் தகட்டைச் சுற்றி நின்றார்கள். ஷ்ராமின் முகம் சிவந்துவிட்டது.

"என்னடி இது? யாரைக் கேட்டு இந்தப் பேரை அடிச்ச?"

"போட்டவ பேரை அடிச்சேன், ஐயா."

ஃப்ளோரியன் என்னைப் பார்க்கவில்லை. "பொம்பள பேர்ல வந்தா யார் வாங்குவா? எங்க குடும்ப மானம் என்ன ஆகும்? அவளே சம்மதிச்சுத்தான் கொடுத்தா" என்றார்.

"சம்மதிச்சுக் கொடுத்ததுக்கு எதுக்குக் கத்தி?" என்று கேட்டுவிட்டு, அந்தத் தாளை ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். பட்டறையில் அத்தனை பேரும் பார்த்தார்கள்.

"ரைகெல்ட்! அதை அழி!" என்று கத்தினார் ஷ்ராம்.

ரைகெல்ட் தகட்டைக் கவிழ்த்துத் தட்டினார். இருபது அடி. முப்பது அடி. முதுகெல்லாம் குழி. திருப்பிப் பார்த்தால் ஒரு எழுத்துகூட அசையவில்லை. அவர் சுத்தியலை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் துடைத்துக்கொண்டார்.

"என்னால ஆகாதுங்க. ஆகுறவங்க அழிச்சுக்குங்க."

ஃப்ளோரியன் வெளியே போனார். அச்சுக்கு வேறு தகடு இல்லை, புதிதாக அடிக்க நேரமும் இல்லை. புதன்கிழமை புத்தகம் லெயோனோரே ஆல்போர்ன் என்ற பெயரில் வந்தது. என்னைத் திங்களன்றே வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். தலை நிமிர்ந்துதான் போனேன்.

கதை இதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்துச் சந்தையில் ஹுல்டாவைப் பார்த்தேன். ஆல்போர்ன் வீட்டு வேலைக்காரி. பெரிய இசைக்காரர் வீடுகளில் செத்தவர் கையைச் சுண்ணத்தில் சிலை போல அச்சு எடுத்து வைப்பார்கள், தெரியுமல்லவா? லெயோனோரேயின் வலது கையையும் அப்படி எடுத்திருந்தார்களாம். ஃப்ளோரியனின் பியானோ மேல் இருந்ததாம். விரல்களை விரித்து, உள்ளங்கை மேலே பார்க்க வைத்து எடுத்த அச்சு.

"எறந்தோர் ஞாயித்துக்கு முந்தின சனிக்கெழம ராத்திரி பாத்தேங்கா, விரல் நுனியெல்லாம் கறுப்பு. சோடா போட்டுத் தேய்ச்சேன், போகவே இல்ல."

என் விரல்களைப் பார்த்தேன். வெள்ளீயக் கறுப்பு. எங்கள் தொழிலில் யாருக்கும் போகாத கறுப்பு.

"ஞாயித்துக்கெழம நாங்க கல்லறைக்குப் போயிட்டு வந்தோம்," என்றாள் ஹுல்டா. குரலைத் தாழ்த்தினாள். "வந்து பாத்தா... கை மூடியிருக்குக்கா."

"என்ன?"

"சுண்ணக் கை. விரல மடக்கிக்கிட்டு இருக்கு. ஐயா ரெண்டு நாள் அதைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. புத்தகம் வந்த அன்னிக்கு, அடுப்புக் கம்பிய எடுத்து ஒடச்சுட்டாரு. உள்ளருந்து இது விழுந்துச்சு. யாரோடதுன்னு தெரியல. தூக்கிப் போடவும் பயமா இருந்துச்சு, கூடையிலயே வச்சிருக்கேன்."

கூடைக்குள் கை விட்டு எடுத்து நீட்டினாள்.

என் உளி. தண்டில் என் எழுத்து.

மூன்று வாரம் ஆகியும்... சில்லென்று இருந்தது.