ஒயரைப் பிடுங்கியது நான்

எனக்கு அழகாக எழுத வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொம்மனஹள்ளியில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் பெருக்கித் துடைக்கிறேன். அங்கே இருப்பது லினக்ஸ் கம்ப்யூட்டர். ஓடும்போதே ஹார்டு டிஸ்க்கைச் சொருகலாம். ஆனால் எடுக்கலாம் என்று அது காட்டும் முன்னே பிடுங்கக் கூடாது. அது தெரியாமல் ஒரு நாள், துடைக்க இடைஞ்சலாக இருந்த டிஸ்க் ஒயரைப் பிடுங்கி, மறுபடி சொருகிவிட்டேன். ஒரு கல்யாண வீடியோ பாழானது. எடிட்டிங் செய்யும் சல்மாவைத்தான் முதலாளி திட்டினார். நான் வாயே திறக்கவில்லை.

போன மாதம் இன்னொரு கல்யாணக்காரர் டிஸ்க்குக்காக வந்து நின்றார். "காப்பி முடிஞ்சுது, பிடுங்கு" என்றார் முதலாளி.

"இன்னும் எழுதுது, எடுக்காதேன்னு காட்டுது சார்" என்றாள் சல்மா.

"போன தடவை கெடுத்தவ எனக்குப் பாடம் சொல்றியா?" என்று அவரே கையை நீட்டினார்.

நான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஒயரை மூடிக் கை வைத்தேன்.

"தள்ளும்மா! நீ என்ன இன்ஜினியரா?"

"நாலாங்கிளாஸ் சார். போன தடவை பிடுங்கினது நான்தான். வேலைய விட்டு அனுப்பினாலும் இப்ப கைய எடுக்க மாட்டேன்."

முதலாளி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். டிஸ்க்கில் விளக்கு மினுங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் "இப்ப எடுக்கலாம்" என்றாள் சல்மா. நானே எடுத்துக் கொடுத்தேன்.

"இதச் சொல்ல இவ்ளோ நாளா ஆண்ட்டி?" என்று கேட்டாள். கீழே போட்ட துடைப்பத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து பெருக்கினேன்.

கம்ப்யூட்டர் விவரத்தில் தப்பிருந்தால் தெரிந்தவர் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். பிடுங்கியது நான் என்பதை மட்டும் திருத்த வேண்டாம்.